முகத்துக்கு நேரே ஒரு கையெழுத்து

போன மாதம் பஹ்ரைனிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்றபோது பள்ளி அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண். "சார், இந்தத் தடவை நாமினேஷன் எல்லாம் ஆன்லைன். ஆதரவு குடுக்கிற பேரன்ட்ஸ் மொபைல்ல ஒரு தட்டு தட்டினாப் போதும். நீங்க எப்படித்தான் பேப்பரை வச்சுக்கிட்டு மாரடிச்சீங்களோ!" என்றாள்.

மாரடித்தோமாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பேப்பர்களைக் கண்ணால் பார்க்காதவளுக்கு என்ன தெரியும்? "எழுதியே அனுப்பறேம்மா, படிச்சுக்கோ" என்று சொல்லி வைத்தேன். அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது.

என் படிப்பும் தொடக்க காலமும் பெரிய கதை அல்ல. திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பிறகு சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பர். அங்கிருந்து பஹ்ரைனுக்கு, ஓர் இந்தியப் பள்ளியின் அலுவலகக் கண்காணிப்பாளராக. உடனே ஈசா டவுன் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது சின்னது. பெயர் வேண்டாம். இரண்டு மாடி, ஒரு ஹால், வாசலில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு நடத்தியது. மூன்று வருஷத்துக்கு ஒரு தேர்தல். ஊரில் இருக்கிறவர்களுக்கு இதன் காரம் புரியாது. ஊர்த் தேர்தலுக்கு ஓட்டுப் போட லீவு எடுத்துக்கொண்டு எவன் போவான்? அந்த நாட்டுத் தேர்தலில் நமக்கு ஓட்டு கிடையாது. ஆகவே கல்ஃபுக்குப் போன ஒரு மனிதனுக்கு வாய்த்த ஒரே ஓட்டுப்பெட்டி பிள்ளையின் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. விடுவார்களா? போஸ்டர், பிரியாணி, எஸ்.எம்.எஸ். என்று அமர்க்களப்படுத்துவார்கள். மேல் மாடியில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். கீழே வாசலில் கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள்.

நிற்கிறவர் இருபத்தைந்து பெற்றோரிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்; அணியாக நின்றால் தலைவர் பெயரில் ஒரே ஃபாரம். அப்போதுதான் ஓட்டுச்சீட்டில் பெயர் ஏறும். கையெழுத்துப் போடுகிறவர் எங்கள் பதிவேட்டில் இருக்கும் பெற்றோராக இருக்க வேண்டும், ஃபீஸ் பாக்கி இருக்கக் கூடாது. இவை சாதாரண விதிகள். ஆளைக் கொல்லும் விதி ஒன்று இருந்தது. ஒரு பெற்றோர் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டு பேருக்குப் போட்டிருந்தால் இரண்டுமே செல்லாது. வேண்டுமானால் அவர் தேர்தல் அதிகாரி முன்னால் நேரில் வந்து, 'இன்னாருக்குத்தான் என் ஆதரவு' என்று வாயால் சொல்லலாம். சொன்னால் அந்த ஒன்று மட்டும் நிற்கும்.

எங்கள் தேர்தல் அதிகாரி ஜோசப் தங்கராஜ் சார். நாகர்கோவில்காரர், ஆடிட்டர். சம்பளம் இல்லாத பொறுப்புதான். ஆனால் அவர் நடந்துகொள்வதைப் பார்த்தால் உச்ச நீதிமன்றம் என்று நினைப்பீர்கள். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். கதவைத் திறந்தே வைக்கச் சொல்வார். விதியை ஒருமுறை தனக்குள் வாசிப்பார், ஒருமுறை மற்றவர்களுக்காக. வேட்பாளர்கள் கொண்டுவரும் ஸ்வீட்டைத் தொட மாட்டார். ஃப்ளாஸ்க்கில் அவருடைய சுலைமானி இருக்கும், சர்க்கரை போடாத கறுப்புத் தேநீர். அந்த அறைக்குள் யாரும் 'பாவம்' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. நான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பாவம் பாக்கணும்னா சர்ச்சுக்குப் போலாம் சார். இங்க ஸ்கேலை எடுங்க" என்றார்.

ஸ்கேல் என்றால் நிஜ ஸ்கேல். ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து, பெயர், பிள்ளையின் சேர்க்கை எண், கையெழுத்து மூன்றையும் சேர்க்கை ஃபைலோடு ஒப்பிட வேண்டும். நான் வாசிப்பேன், அவர் பார்ப்பார். பிறகு அவர் வாசிப்பார், நான் பார்ப்பேன். முந்தைய தேர்தல் ஒன்றில், லீவில் ஊருக்குப் போயிருந்த கணவருக்காக ஓர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். மெனக்கெட்டு 'ஃபார்' என்று வேறு எழுதியிருந்தார். சார் அதை அடித்துவிட்டு, "அம்மா, வீட்டுக்காரருக்காகச் சமைக்கலாம், சண்டை போடலாம். கையெழுத்து மட்டும் அவரேதான் போடணும்" என்றார். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

எனக்கு மறக்காத தேர்தல் அதற்கு அடுத்தது. அந்த வருஷம் ரவிச்சந்திரன் என்பவர் தலைமையில் ஒரு அணி நின்றது. மதுரைக்காரர், பெரிய கான்ட்ராக்டிங் கம்பெனியில் அட்மின் மேனேஜர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் சாவு என்றாலும் உடலை ஊருக்கு அனுப்பும் வரை கூடவே நிற்பார். பிறந்தநாள் என்றால் கேக்கோடு நிற்பார். இப்படி நின்று நின்றே செல்வாக்கு சேர்த்தவர். பள்ளியில் பெரிய கம்ப்யூட்டர் லேப் கட்ட வேண்டும் என்பது அவர் அணியின் கொள்கை. அதற்கு இடம் வேண்டும். கீழ்த்தளத்தில் காது சரியாகக் கேட்காத, பேச்சு வராத பிள்ளைகளுக்காக ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. எட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர். அந்த அறையை எடுத்துக்கொண்டு வகுப்பை மூடிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. புதுக் குழு வந்ததும் முடிவு செய்வார்கள் என்றார்கள்.

நாமினேஷன் தொடங்கிய அன்றே ஒருவர் ஃபாரம் கேட்டு என் மேஜைக்கு வந்தார். யார்டு யூனிஃபார்ம், பூட்ஸ் முழுக்கத் துரு. பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், செல்வராஜ். கப்பல் பழுது பார்க்கும் யார்டில் சாரம் கட்டும் ஃபோர்மேன். அவர் மகள் தேன்மொழி அந்த எட்டுப் பேரில் ஒருத்தி.

"எந்த அணிங்க?" என்றேன்.

"அணியா? நான் ஒருத்தன்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் தேர்தலில் தனி ஆளாக யாரும் நின்றதே இல்லை. "ஜெயிக்கறது கஷ்டமாச்சே" என்றேன்.

"ஜெயிக்கறதுக்கு யாருங்க கேட்டா? பொதுக்குழுவுல ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி கேன்டிடேட்டுக்கு அஞ்சு நிமிஷம் மேடையில பேசக் குடுப்பீங்களாமே, நெசந்தானா?"

"ஆமாம். வேட்பாளருக்கு மட்டும்தான்."

"அது போதுங்க. எனக்கு ஓட்டு வேணாம், மைக்கு வேணும்." என் மேஜைமேல் இருந்த ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த வகுப்பை மூடிட்டா அவ அம்மாவையும் புள்ளையையும் ஊருக்கு அனுப்பிட்டு நான் லேபர் கேம்ப்புக்குப் போயிரணும் சார். எங்க ஊர்ப்பக்கம் இவளுக்குன்னு பள்ளிக்கூடம் எங்க இருக்கு? இங்க வந்தப்புறம்தான் 'அப்பா'ன்னு கூப்பிடக் கத்துக்கிட்டா."

சட்டதிட்டப்படி ஃபாரத்தைக் கொடுத்தேன். சாரம் கட்டுகிற கையால் அதை மடக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த நாட்களில் அவரை எங்கே பார்த்தாலும் கையில் அந்த ஃபாரம்தான். மத்தியானம் பஸ் விடும் நேரத்தில் வேப்பமரத்தடியில் நிற்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்களை மனாமா சூக் கடைவீதியில் பிடிப்பார். பிடித்ததும் கையை நீட்டாமல், முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்லி, மகள் பேசப் பழகியதைச் சொல்லி, கடைசியில்தான் பேனா. ஒரு கையெழுத்துக்குக் கால் மணி நேரம். எதிர்ப்பக்கம் ரவிச்சந்திரனின் ஆட்கள் வீடு வீடாகப் போய், "அண்ணே, ஒரு சைன்" என்று வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 'ஒருத்தருக்குத்தான் போடலாம்' என்று இரண்டு தரப்பும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. விதி ஃபாரத்தின் பின்பக்கம் இருந்தது. பின்பக்கம் படிக்கிற தமிழனை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடைசி நாள் செல்வராஜ் முப்பது கையெழுத்தோடு வந்தார். "அஞ்சு எக்ஸ்ட்ரா சார்" என்று பெருமையாகச் சொன்னார். ரவிச்சந்திரனுடைய ஃபாரத்தில் எண்பதுக்கு மேல்.

மறுநாள் சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், நான் ஸ்கேலை எடுத்தேன். செல்வராஜின் கையெழுத்துகள் அத்தனையும் ஃபைலோடு பொருந்தின. ஃபீஸ் பாக்கி ஒருவருக்கும் இல்லை. எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். பிறகு இரண்டு ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிட்டோம். சந்தோஷம் போய்விட்டது. ஒன்பது பேர் இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள்.

இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. நம் ஆட்களின் முகதாட்சண்யம்தான். வீடு தேடி வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டோம் அல்லவா, கையெழுத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இவர் வந்தாரா, இவருக்கு ஒன்று. அவர் வந்தாரா, அவருக்கும் ஒன்று. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நமக்கு நாக்கு புரளாது. ரவிச்சந்திரனுக்கு ஒன்பது போனால் ஒரு மயிரும் உதிராது. செல்வராஜுக்கு இருபத்தொன்றுதான் மிச்சம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஒன்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. சார் விதியைத் தனக்குள் ஒருமுறை வாசித்தார். பிறகு எனக்காக ஒருமுறை வாசித்தார். "ஒன்பது பேருக்கும் தகவல் குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் நேர்ல வந்து சொல்லலாம். ரெண்டு வேட்பாளரும் கூட இருக்கலாம். செரி, ஃப்ளாஸ்க்கை இப்பிடித் தள்ளுங்க" என்றார்.

விதி நேர்மையானதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். முகத்துக்கு நேரே மறுக்க முடியாததால் இரண்டு பக்கமும் போட்டவர்கள், இப்போது இரண்டு முகங்களையும் எதிரே வைத்துக்கொண்டு ஒன்றை மறுக்க வேண்டும். இதைவிட அவர்களைப் பாலைவனத்தில் நடக்கச் சொல்லலாம்.

மறுநாள் சாயங்காலம் செல்வராஜ் டூட்டி முடிந்து நேரே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். ரவிச்சந்திரன் சென்ட் வாசனையோடு வந்து எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒன்பதில் நான்கு பேர் வந்து சொன்னால் செல்வராஜ் தப்பிப்பார்.

முதலில் யார்டு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தலையைத் தூக்காமல், "செல்வராஜுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்கள். அடுத்து ஒரு நர்ஸ் அம்மா, டூட்டி யூனிஃபார்மிலேயே. அவர் விசாவில்தான் குடும்பம் இருந்தது. ஃபைலில் அவர் பெயர்தான். "ரவி சார் ஆளுங்க வந்தப்போ வீட்ல விருந்தாளிங்க இருந்தாங்க. பேசி அனுப்ப நேரமில்லை, போட்டுட்டேன். செல்வராஜ் அண்ணனுக்கு எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுதான் போட்டேன். அவருக்கே இருக்கட்டும்" என்று ரவிச்சந்திரன் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்த அம்மாவுக்கு எழுந்து வணக்கம் சொல்லலாம்போல் இருந்தது எனக்கு.

பிறகு யாரும் வரவில்லை. ஒருவர் போனில் காய்ச்சல் என்றார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது அபூபக்கர் காக்கா படியேறி வந்தார்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊரில் மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மனாமாவில் மளிகை மொத்த வியாபாரம். ரவிச்சந்திரன் கம்பெனியின் கேம்ப் மெஸ்ஸுக்கு அரிசி, பருப்பு எல்லாம் இவர் கடையிலிருந்துதான் போகிறது. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். காக்காவின் பேத்தி எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகன் இறந்துபோனதால் காக்காவே கார்டியன். உட்கார்ந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சார் கேட்டார், "யாருக்கு உங்க ஆதரவு?"

காக்கா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "ரெண்டு பேரும் நமக்கு வேண்டப்பட்ட புள்ளையளுதான். நான் என்னத்தச் சொல்ல? ரெண்டையும் அடிச்சிருங்க சார். யாருக்கும் மனத்தாங்கல் வேணாம்."

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்துநாலோடு கதை முடிந்தது என்று நானும் பேனாவை எடுத்தேன்.

சார் எழுத விடவில்லை. எதை எழுதினாலும் சொன்னவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது அவர் வழக்கம். வாசித்தார். "அபூபக்கர் ஆகிய நான் செல்வராஜை ஆதரிக்கவில்லை. ரவிச்சந்திரனையும் ஆதரிக்கவில்லை. சரிதானே?"

காக்கா பதறிவிட்டார். "அல்லாவே! ஆதரிக்கலேன்னு நான் எப்பம் சொன்னேன்?"

"ரெண்டையும் அடிச்சா அதுதான் அர்த்தம்."

காக்கா கைக்குட்டையைச் சுருட்டினார், பிரித்தார். பிறகு சட்டென்று ரவிச்சந்திரன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் யாரைச் சொல்லட்டும்? நீங்க சொல்றதைச் சொல்லிட்டுப் போறேன்."

எண்பது கையெழுத்து வைத்திருக்கிற மனிதர், கடைசி ஒன்றுக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் எதிரில், என்ன சொல்ல முடியும்? தனியாகக் கேட்டிருந்தால் 'எனக்கே போடுங்கள்' என்று சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திறந்த கதவு, சார், நான், செல்வராஜ் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரவிச்சந்திரன் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "அட, இதுக்குப் போயி என்ன காக்கா? அண்ணனுக்கே குடுங்க. நமக்கா பஞ்சம்?"

"அப்பச் செல்வராஜ் தம்பிக்குத்தான். எழுதிக்கிடுங்க சார்" என்றார் காக்கா. உயிர் வந்தவர்போல் எழுந்து நின்றார்.

வியாபாரிக்குத்தான் இந்த வழி தோன்றும். எனக்கு நூறு வருஷம் யோசித்தாலும் வந்திருக்காது. செல்வராஜ் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. ரவிச்சந்திரனின் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொதுக்குழு ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை நாள். ஹாலில் இடம் இல்லாமல் வராந்தாவிலும் நின்றார்கள். தேர்தல் அதிகாரியே அன்றைக்குக் கூட்டத்துக்கும் தலைவர். ரவிச்சந்திரன் அணியினர் கம்ப்யூட்டர் லேப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள், கைதட்டல் பறந்தது. அடுத்து செல்வராஜின் பெயரைக் கூப்பிட்டார் சார். பிரஸ் செய்த சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"வணக்கம். நான் செல்வராஜ். யார்டுல சாரம் கட்டற ஃபோர்மேன். எனக்கு ஓட்டுப் போடாட்டியும் பரவாயில்லைங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு எறங்கிர்றேன். கீழ ஒரு ரூம்ல எட்டுப் புள்ளைங்க பேசப் படிக்குது. அதுல ஒண்ணு எம்பொண்ணு. அந்த வகுப்பை மூடணும்னு நெனைக்கறவங்க இருந்தா, தயவுசெஞ்சு கையைத் தூக்குங்க. கோவமெல்லாம் பட மாட்டேன். யாருன்னு பாத்துட்டுப் போயிர்றேன்."

சொல்லிவிட்டு முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. அவருக்கு இன்னும் நாலு நிமிஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அந்த அறையில் காக்கா செய்ததை இவர் இத்தனை பேருக்குச் சேர்த்துச் செய்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஹாலில் லேப் வேண்டும் என்று கைதட்டியவர்கள் பாதிக்கு மேல். ஒரு கை எழவில்லை. இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள். ஒருவர் தலையைச் சொறியத் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிவிட்டார்.

பார்வை முதல் வரிசை ஓரத்தில் ரவிச்சந்திரனிடம் வந்து நின்றது. அவர் எழுந்தார். "மூடறதா? யார் சொன்னாங்க? லேப்பை மேல் மாடியில கட்டுவோம்ணே" என்றார். அப்போது அடித்த கைதட்டல்தான் அன்றைய பெரிய கைதட்டல். தங்களைக் காப்பாற்றியதற்கான கைதட்டல் என்று நான் நினைத்தேன்.

ஜோசப் தங்கராஜ் சார் அசையவில்லை. கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கிலேயே சொன்னார். "எழுதிக்கிடுங்க. சிறப்பு வகுப்பை மூட விரும்புவோர் கை உயர்த்தக் கேட்கப்பட்டது. ஒருவரும் உயர்த்தவில்லை. வகுப்பு தொடரும்." நான் பொதுக்குழு மினிட்ஸில் எழுதினேன். அதை ஹாலுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். "சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஓட்டுப்பதிவு. திரைக்குப் பின்னால் போய், யார் முகமும் எதிரில் இல்லாமல் போடுகிற ஓட்டு. எண்ணி முடித்தபோது ரவிச்சந்திரன் அணி முழுக்க ஜெயித்திருந்தது. செல்வராஜ் கடைசி. அவர் ஃபாரத்தில் இருந்த கையெழுத்துகளைவிட ஓட்டு குறைவு. கால் மணி நேரம் நின்று கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களிலேயே சிலர் போடவில்லை என்றால் என்ன சொல்வது? இத்தனை வருஷ சர்வீசில் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது அன்று ஒருநாள்தான்.

முடிவு அறிவித்தபோது அவர் ஹாலில் இல்லை. தேடிக்கொண்டு கீழே போனேன். சிறப்பு வகுப்பு வாசலில், பூட்டிய கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ஆறுதலாக எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எண்ணி முடிச்சாச்சு செல்வராஜ்" என்றேன்.

"அது கெடக்கட்டும் சார். நாளைக்குச் சனிக்கிழமை, வகுப்பு உண்டுங்களா?"

"உண்டு."

"சார் மைக்குல சொன்னாரே, அது எழுத்துல ஏறிருச்சுங்களா?"

"ஏறியாச்சு. நான்தான் எழுதினேன்."

தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு வீட்டுக்குப் பேசினார். "நாந்தான். ஊருக்குக் கட்டி வச்ச பெட்டியைப் பிரிச்சிரு. பாப்பா யூனிஃபார்ம் அடியில இருக்கும், எடுத்து அயர்ன் பண்ணி வை."